குற்றாலத்துக்கு மேலே 9,000 அடியில் பழுது! பழைய விமான சிமுலேட்டர் பழகுபவர்களுக்கு ஒரு கைடு

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது இன்றைக்குப் பெரிய விஷயமில்லை. டேக் ஆஃப், ஆட்டோபைலட், லேண்டிங் என்று யூடியூப் பார்த்தே ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அடுத்த வாரமே போரடிக்கவும் ஆரம்பித்துவிடும். ஏனென்றால், வீட்டு சிமுலேட்டரில் விமானம் ஒருபோதும் மக்கர் பண்ணாது. இன்ஜின் எப்போதும் ஓடும், கருவிகள் எப்போதும் உண்மையே சொல்லும்.

நிஜத்தில் அப்படியா? இல்லையே! அதனால்தான் ஃப்ளைட் சிமுலேட்டர் பிரியர்களில் ஒரு கூட்டம் பழைய விமானங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. டகோட்டா, டி.சி-6, போயிங் 747-200 என்று அந்தக் காலத்து விமானங்களை எடுத்து, அதில் வேண்டுமென்றே பழுதுகளை வரவைத்துச் சமாளிக்கப் பழகுகிறார்கள். அதை எப்படிச் செய்வது, எந்தப் பழுது நிஜமானது, எது வெறும் சினிமா? தென்காசி, குற்றாலத்தின் ஆகாயத்திலேயே ஒரு பயிற்சியோடு பார்ப்போம்.

தென்காசி தலைக்கு மேல் ஒரு நேர்கோடு

மேப்பை விரித்து திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுங்கள். நீளம் சுமார் 200 கி.மீ. அந்தக் கோடு பொன்முடிக்குப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, குற்றாலத்தையும் தென்காசியையும் ஒட்டியே இறங்கி, சங்கரன்கோவில், சிவகாசி வழியாக மதுரைக்குப் போகும்.

பழைய விமானம் பழக இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரு பக்கம் கடல், நடுவில் மலை, மறுபக்கம் சமவெளி. தெற்கே 1,868 மீட்டர் உயர அகத்தியமலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கேரளப் பக்கம் மேகம் மூட்டிக் கொட்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்த ஈரக்காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரல். கணவாயைத் தாண்டினால் காற்றாலைகள் சுழலும் வெயில் பூமி. அரை மணி நேரத்துக்குள் மூன்று விதமான வானிலை!

இந்த வட்டாரத்து மலைகள் விமானிகளைச் சோதித்த வரலாறும் உண்டு. 1971 டிசம்பர் 9-ம் தேதி, மதுரையை நோக்கி இறங்கி வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ (ஹெச்.எஸ்-748) விமானம், பார்வை மங்கலாக இருந்த நேரத்தில் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் உயிரிழந்தனர், 10 பேர் தப்பினர். மேகத்துக்குள் மலை இருக்கும்போது உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஏன் பழைய விமானம்?

இன்றைய விமானத்தில் ஏதாவது கெட்டால், எது கெட்டது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலும் பெரும்பாலும் கூடவே வரும். பழைய விமானம் அப்படிச் சொல்லாது. முப்பது நாற்பது முள் கடிகாரங்கள் இருக்கும். அதில் ஒரு முள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், நீங்கள்தான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும்.

1953-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கையில் இருந்த விமானங்களில் பெரும்பாலானவை டகோட்டா எனப்படும் டி.சி-3. பின்னால் வந்த ஆவ்ரோக்களை கான்பூரில் ஹெச்.ஏ.எல் நிறுவனமே தயாரித்தது. 1964-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு கேரவல் ஜெட் வந்தது. 1971-ல் ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ 747 வந்தது. நம் அப்பா, தாத்தா காலத்தில் பறந்த இந்த விமானங்களில் டி.சி-3, 747-200 போன்றவற்றை இன்று சிமுலேட்டரில் ஓட்டலாம்.

747-200, டி.சி-6 போன்றவற்றில் இரண்டு பைலட்டுகளோடு ஃப்ளைட் இன்ஜினீயர் என்று மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார். எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக் எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் அந்த மூன்று பேர் வேலையும் உங்கள் ஒருவர் தலையில். பழுது வரும்போதுதான் அந்த மூன்றாவது ஆளின் அருமை தெரியும்.

நிஜமான பழுது எப்படி இருக்கும்?

'டமார்' என்று வெடித்து, சிவப்பு விளக்கு எரிந்து, அலாரம் அடித்தால் அதுதான் பழுது என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. நிஜத்தில் வரும் பழுதுகளை ஐந்து வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு நிஜ விமானம் இருக்கிறது.

1. பொய் சொல்லும் கருவி

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. 1978 ஜனவரி 1-ம் தேதி இரவு. ஏர் இந்தியாவின் முதல் ஜம்போவான 'எம்பரர் அசோகா', பம்பாய் சான்டாகுரூஸில் இருந்து துபாய்க்குக் கிளம்பியது. கடலுக்கு மேலே கும்மிருட்டு, தொடுவானம் தெரியாது. விமானம் வலப்பக்கம் லேசாகத் திரும்பிவிட்டு நேரானது. ஆனால், கேப்டன் பக்கத்தில் இருந்த செயற்கைத் தொடுவானக் கருவி மட்டும் 'இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறோம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி கேப்டன் இடப்பக்கம் சாய்த்தார். விமானம் மேலும் மேலும் இடப்பக்கம் சரிந்து, பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விமானத்தில் இருந்த 213 பேரும் இறந்தார்கள்.

இன்ஜின் நான்கும் நன்றாக ஓடின. இறக்கைக்கு ஒன்றும் இல்லை. கெட்டது ஒரே ஒரு கருவி. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே காக்பிட்டில் துணை விமானிக்கு ஒன்று, உபரியாக ஒன்று என இன்னும் இரண்டு தொடுவானக் கருவிகள் இருந்தன. ஆனால் அந்தச் சில நொடிகளில் எதை நம்புவது என்று தீர்மானிக்க முடியவில்லை.

சிமுலேட்டரில் இதை எப்படிப் பழகுவது? ஒரே விதிதான்: ஒரு கருவி சொல்வதை, அதோடு சம்பந்தமில்லாத இரண்டு கருவிகளிடம் கேளுங்கள். விமானம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால், திரும்பவும் செய்யும். அப்படியானால் திசைகாட்டியின் எண் மாற வேண்டும், டர்ன் இண்டிகேட்டர் முள் வலப்பக்கம் நகர வேண்டும். இரண்டும் அசையாமல் இருக்க, தொடுவானம் மட்டும் சாய்ந்திருக்கிறதா? பொய் சொல்வது தொடுவானம்தான். ஒரு துண்டு பேப்பரை ஒட்டி அதை மறைத்துவிட்டு மீதியை வைத்து ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மனசு அதையே நம்பும் என்பதால், நிஜ விமானிகளும் கெட்ட கருவியை மறைத்துவிடுவது உண்டு.

வேகமானிக்கும் இதே கதைதான். வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய் அடைத்துக்கொண்டால், விமானம் மேலே ஏற ஏற வேகம் கூடுவதுபோல முள் ஏறும். உண்மையில் விமானம் வேகம் இழந்துகொண்டிருக்கும். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் விழுந்த பிர்கென்ஏர் 757 விமானத்தில் 189 பேர் இறந்ததற்குக் காரணம் அடைபட்ட ஒரு பிட்டாட் குழாய். உள்ளே குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. நம் வீட்டு ஸ்விட்ச் ஓட்டையில் மண்ணை அடைக்குமே, அதே மாதிரிக் குளவி!

2. ஒன்று கெட்டு இன்னொன்றை இழுப்பது

'பத்ரகாளி' படத்தின் நாயகி ராணி சந்திராவை மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1976 அக்டோபர் 12-ம் தேதி பம்பாயில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல் விமானத்தில் அவர் இருந்தார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது இன்ஜினுக்குள் சுழலும் கம்ப்ரஸர் தட்டு ஒன்று உலோகச் சோர்வால் உடைந்தது. அது இன்ஜின் கூட்டைப் பிளந்து எரிபொருள் குழாயை அறுத்தது. தீ பிடித்தது. விமானம் பம்பாய்க்கே திரும்பியது. ஆனால், ஓடுதளத்தை நெருங்குவதற்குள் ஹைட்ராலிக் திரவம் தீர்ந்து, விமானத்தைத் திருப்பவும் தூக்கவும் உதவும் கட்டுப்பாடு போய்விட்டது. 95 பேரும் பலியானார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. உலோகம், எரிபொருள், தீ, ஹைட்ராலிக், கடைசியாகக் கட்டுப்பாடு. 'ஒரு இன்ஜின் போனாலும் இன்னொன்று இருக்கே' என்ற கணக்கு இங்கே உதவவில்லை.

ஆகவே, சிமுலேட்டரில் 'இன்ஜின் ஃபெயிலியர்' என்று ஒன்றை மட்டும் டிக் செய்வது பாதிப் பயிற்சிதான். அந்த இன்ஜின் எதையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். ஒரு ஜெனரேட்டர், ஒரு ஹைட்ராலிக் பம்ப், கருவிகளுக்கான வேக்யூம் பம்ப் எல்லாம் அதோடு சேர்ந்து போகலாம். வீட்டில் கரன்ட் போனால் என்ன செய்வோம்? இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும் போதும் என்று மிக்ஸி, ஃப்ரிட்ஜை விட்டுவிடுவோம் அல்லவா? அதேதான் இங்கேயும். ஜெனரேட்டர் போனதும் தேவையில்லாத மின்சாதனங்களை அணைத்து, பேட்டரியை ரேடியோவுக்கும் முக்கியக் கருவிகளுக்கும் மிச்சம் பிடியுங்கள்.

3. சத்தமில்லாமல் மெல்ல வருவது

குற்றாலச் சீசனுக்கே உரிய பழுது இது: கார்புரேட்டருக்குள் பனி. 'தென்காசி வெயிலில் பனியா?' என்று கேட்காதீர்கள். பிஸ்டன் இன்ஜினின் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதே தத்துவம். வெளியே 15 டிகிரி இருந்தாலும் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது பனியாகப் படிந்து காற்றுப்பாதையை அடைக்கும். பருவமழை மேகத்துக்குள் 9,000 அடியில் இருப்பது ஏறக்குறைய இதற்கென்றே செய்த மாதிரியான சூழல்.

அறிகுறி மிகச் சின்னது. டகோட்டாவில் புரொப்பெல்லர் வேகம் மாறாது, அதனால் சத்தமும் பெரிதாக மாறாது. மேனிஃபோல்டு பிரஷர் முள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கூடவே வேகமும் குறையும். தெரியாதவர்கள் த்ராட்டிலைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பனி மேலும் வளரும்.

செய்ய வேண்டியது, கார்புரேட்டர் ஹீட்டைப் போடுவது. போட்டதும் சூடான காற்று போவதால் பவர் இன்னும் கொஞ்சம் குறையும், பனி உருகித் தண்ணீராக உள்ளே போவதால் இன்ஜின் இருமவும் செய்யும். பயந்துபோய் ஹீட்டை அணைத்துவிடக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்தால் முள் மேலே ஏறும். சரிசெய்யும்போது முதலில் மோசமாகிப் பிறகு தேறும் பழுது என்பதால் பொறுமையைச் சோதிக்கும்.

வேக்யூம் பம்ப் பழுதும் இதே ரகம். பம்ப் நின்றதும் செயற்கைத் தொடுவானத்துக்குள் சுழலும் ஜைரோ உடனே நிற்காது. பம்பரம் மாதிரி மெல்ல வேகம் குறைந்து தள்ளாடும். நீங்களும் உங்களை அறியாமல் அதோடு சேர்ந்து சாய்ந்துகொண்டே போவீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேக்யூம் கேஜைப் பார்ப்பதுதான் ஒரே மருந்து.

4. சின்னதாக வந்து கவனத்தைத் திருடுவது

1972 டிசம்பர் 29-ம் தேதி இரவு அமெரிக்காவின் மயாமி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு பச்சை பல்பு எரியவில்லை. காக்பிட்டில் எல்லோரும் அந்த பல்பைச் சுற்றியே நின்றார்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைக்கும் வேலையை விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெதுவாக இறங்கிச் சதுப்புநிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். காரணம், ஃபியூஸ் போன ஒரு பல்பு!

சிமுலேட்டரில் சக்கர விளக்கு மட்டும் எரியாத மாதிரி ஒரு பழுதை வையுங்கள். மிக எளிதான பழுது. ஆனால், அதைச் சரிபார்த்து முடிக்கும்போது உங்கள் உயரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும். உலகம் முழுக்க விமானிகளுக்குச் சொல்லித்தரும் வரிசை இதற்காகத்தான்: முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து எங்கே போகிறாய் என்று பார், மூன்றாவதாகத்தான் பேச்சு.

5. எல்லாமே ஒரேயடியாக

அபூர்வம். ஆனால் நடந்திருக்கிறது. 1982 ஜூன் 24-ம் தேதி, நம் பம்பாய், மெட்ராஸ் வழியாகப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9-ம் எண் ஜம்போ, கோலாலம்பூரைத் தாண்டி ஜாவா தீவுக்கு அருகே எரிமலைச் சாம்பல் மேகத்துக்குள் மாட்டியது. நான்கு இன்ஜின்களும் அடுத்தடுத்து அணைந்தன. 37,000 அடியில் இருந்து மிதந்தபடி இறங்கிக்கொண்டே, மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். சுமார் 13,000 அடிக்கு வந்தபோது இன்ஜின்கள் உயிர்பெற்றன. சாம்பல் தேய்த்து மங்கிப்போன கண்ணாடி வழியாக ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 263 பேரும் பிழைத்தார்கள்.

ஒரு முயற்சி தோற்றாலும் அடுத்ததைச் செய்துகொண்டே இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. 747-200 வைத்திருப்பவர்கள் நான்கு இன்ஜினையும் அணைத்து, செக்லிஸ்ட்படி திரும்ப ஸ்டார்ட் செய்வதைப் பழகலாம். ஆனால், முதல் நான்கு வகையும் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள்.

எந்த சிமுலேட்டரில் என்ன கிடைக்கும்?

* எக்ஸ்-பிளேன்: பழுதுப் பயிற்சிக்குப் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். இன்ஜின், மின்சாரம், கருவிகள் என்று நீண்ட பட்டியல் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட வேகத்தில் அல்லது ஒரு கீயைத் தட்டியதும் கெட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக வைக்கலாம். எம்பரர் அசோகாவின் ரகமான 747-200, ஃபெலிஸ் தயாரிப்பாக இதற்குக் கிடைக்கிறது. வாங்கும் முன் இலவச டெமோவில் உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.
* மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்: மலை, மேகம், ஊர் எல்லாம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. 2022-ல் வந்த 40-வது ஆண்டுப் பதிப்பில் டி.சி-3 சேர்ந்தது. பி.எம்.டி.ஜி தயாரித்த டி.சி-6 தனியாக வாங்க வேண்டும். இதில் இன்ஜினைக் கன்னாபின்னாவென்று விரட்டினால் அதற்கான பலனை இன்ஜினே கொடுக்கும்.
* ஏ2ஏ நிறுவனத்தின் பழைய பிஸ்டன் விமானங்கள்: இவை தேய்மானத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். நேற்று நீங்கள் சூடேற்றிய இன்ஜின், இன்றைக்கும் அந்தக் காயத்தோடுதான் ஸ்டார்ட் ஆகும்.

கடைசியாகச் சொன்னதுதான் நிஜத்துக்கு மிக அருகில் இருப்பது. பழுது என்பது பெரும்பாலும் குலுக்கலில் விழுவதில்லை. இன்ஜின் சூடேறும் முன் முழு பவர் கொடுப்பது, கவ்ல் ஃப்ளாப் எனப்படும் காற்றுக் கதவை மூடியே வைத்து மலை ஏறுவது, த்ராட்டிலைச் சடாரென்று இழுத்து இன்ஜினைக் குளிரவைப்பது, இவையெல்லாம் சேர்ந்து பின்னால் ஒருநாள் பழுதாக வருபவை. நம்ம ஊர் வேன் டிரைவர்கள் ரேடியேட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து மலையேற்றுகிறார்களே, அந்தக் கவனம்தான் இங்கேயும் வேண்டும்.

சீட்டு போட்டுப் பழுது எடுங்கள்!

பழுதை நீங்களே செட் பண்ணினால் எது கெடப்போகிறது என்று முன்பே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரிடமே விட்டு, அடிக்கடி கெடும்படி வைத்தால் பத்து நிமிடத்தில் ஐந்து பழுது வரும். இரண்டுமே நிஜமில்லை.

அதற்கு எளிய வழி, பத்துச் சீட்டுகள். நான்கில் பழுதுகளை எழுதுங்கள்: கார்புரேட்டர் பனி, தொடுவானக் கருவி, ஜெனரேட்டர், ஒரு இன்ஜின். மீதி ஆறு வெற்றுச் சீட்டு. தம்பியோ நண்பரோ ஒன்றை எடுத்து, உங்களிடம் காட்டாமல் செட் பண்ணட்டும். கார்புரேட்டர் பனிக்குத் தனி ஸ்விட்ச் இல்லாவிட்டால், ஈர மேகமும் பொருத்தமான வெப்பநிலையும் வைத்துவிட்டாலே போதும். பெரும்பாலான நாள்களில் ஒன்றுமே நடக்காது. அதுதான் விஷயம்! ஒன்றும் நடக்காத ஐந்து பயணங்களிலும் முள்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் ஆறாவது பயணத்தின் பழுது கண்ணில் படும்.

பயிற்சி: திருவனந்தபுரம் டு மதுரை, டகோட்டாவில்

* வானிலை: ஜூலை மாதம், மேற்குக் காற்று, மலைக்கு மேல் 4,000 முதல் 10,000 அடி வரை மேகம். மதுரைப் பக்கம் தெளிவு.
* கிளம்புவது: கடலை ஒட்டிய 32-ம் எண் ஓடுதளத்தில் இருந்து. உடனே மலைப் பக்கம் திரும்பாதீர்கள். பாரத்தோடு இருக்கும் டகோட்டா நிமிடத்துக்கு 500, 600 அடிதான் ஏறும். நேராகப் போனால் 9,000 அடியைத் தொடுவதற்குள் மலை வந்துவிடும். கடற்கரைக்கு மேலேயே சுற்றி 6,000 அடி ஏறிவிட்டு, பிறகு வடகிழக்கே சுமார் 40 டிகிரி திசையில் திரும்புங்கள்.
* மலைக்கு மேல்: 9,000 அடியில் நேராக. மேனிஃபோல்டு பிரஷர், வேக்யூம், ஆயில் பிரஷர், சிலிண்டர் சூடு, இந்த நான்கையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணால் ஒரு சுற்று சுற்றுங்கள்.
* தென்காசி: திருவனந்தபுரத்தில் இருந்து சுமார் 70 கி.மீ. மேகம் விலகிச் சமவெளி தெரியும். மலையைத் தாண்டியதும் காற்று கீழே இழுக்கும், உயரம் குறையலாம். திரும்பி வரும்போது இது இன்னும் மோசம். மலை முன்னால் இருக்கும்போதே காற்று உங்களை அழுத்தும்.
* கடைசிக் கட்டம்: சங்கரன்கோவில், சிவகாசியைப் பார்த்தபடி மதுரை.

இப்போது கேள்வி. தென்காசிக்கு மேலே ஒரு இன்ஜின் நின்றுவிட்டது. எங்கே இறங்குவீர்கள்?

முதல் வேலை, நேராக ஓட்டுவது. நின்றுபோன இன்ஜின் பக்கம் விமானம் இழுக்கும், எதிர்க்காலால் ரடாரை மிதியுங்கள். எந்த இன்ஜின் என்பதை இரண்டு கருவிகளில் உறுதிசெய்த பிறகே அதன் புரொப்பெல்லரை ஃபெதர் செய்யுங்கள். அதாவது, துடுப்பைத் தண்ணீரில் தட்டையாகத் திருப்பி வைப்பதுபோல, காற்றைத் தடுக்காதபடி இறக்கைகளைத் திருப்புவது. அவசரத்தில் நன்றாக ஓடும் இன்ஜினை அணைத்தவர்கள் நிஜத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது இடம். திருவனந்தபுரம் 70 கி.மீ, அதுதான் பக்கம். ஆனால், நடுவில் மலையும் மேகமும் எதிர்க்காற்றும் இருக்கின்றன. ஒற்றை இன்ஜினில், வெப்பமான காற்றில், பாரத்தோடு இருக்கும் டகோட்டாவால் 9,000 அடியைப் பிடித்து வைக்க முடியாமல் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கும் விமானத்தை மலைக்குள் கொண்டுபோவது தற்கொலை. தூத்துக்குடி வாகைக்குளம் சுமார் 80 கி.மீ, மதுரை சுமார் 130 கி.மீ. இரண்டுக்கும் வழியெல்லாம் சமவெளி. தூரம் அதிகமானாலும் அதுதான் சரியான வழி. 1960-களின் பயணமாக ஓட்டுகிறீர்கள் என்றால், வாகைக்குளம் விமான நிலையம் அப்போது கிடையாது. மதுரை ஒன்றுதான்!

சில எச்சரிக்கைகள்

* வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய மணிநேரம் பைலட் லைசென்ஸ் கணக்கில் சேராது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவிகள் தனி. ஆனால், செக்லிஸ்ட் பழக்கமும் கருவிகளைச் சுற்றிப் பார்க்கும் பழக்கமும் விமானி ஆக ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பின்னால் கைகொடுக்கும்.
* பழுது வந்ததும் 'பாஸ்' பட்டனை அழுத்தி இணையத்தில் தேடாதீர்கள். அந்த விமானத்தின் கையேட்டில் அவசரகாலப் பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.
* தவறிப்போனால் உடனே ரீஸ்டார்ட் செய்யாமல், எந்த முள் முதலில் மாறியது, நாம் எப்போது பார்த்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிமிடங்களைக் குறைப்பதுதான் உங்கள் மார்க்.
* நிஜ விபத்துகளை அப்படியே 'ரீகிரியேட்' செய்து வீடியோ போடுவது வேண்டாமே. அந்த 213 பேருக்கும் 95 பேருக்கும் குடும்பங்கள் உண்டு. பழுதை எடுத்துக்கொள்ளுங்கள், விபத்தை விட்டுவிடுங்கள்.

எம்பரர் அசோகாவில் உண்மையைக் காட்டும் வேறு கருவிகளும் இருந்தன. எதை நம்புவது என்று முடிவெடுக்கத்தான் சில நொடிகள் போதவில்லை. அந்த முடிவை வீட்டு மேஜையில், யாருக்கும் ஆபத்தில்லாமல், நூறு முறை எடுத்துப் பழகலாம் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய லாபம். இந்த வார இறுதியில் பத்துச் சீட்டு எழுதிவிட்டு டகோட்டாவை ஸ்டார்ட் பண்ணுங்க. மேனிஃபோல்டு பிரஷர் முள் மேல ஒரு கண் இருக்கட்டும்!